உள்ளத்தை அளப்போர் கற்கவேண்டிய தமிழ்

நெல்லை அளக்க மரக்காலும், துணியை அளக்க முழக்கோலும், பொன்னை நிறுக்கக் குன்றிமணியும் கண்டவர் நம் முன்னோர். உள்ளத்தை அளக்க அவர் கருவி எதுவும் கண்டிலர். முகம் பார்த்து அகம் அறியும் ஆற்றலே போதும் என்று அமைந்துவிட்டனர் போலும். அவ்வாற்றல் இன்று எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தவர் சொல்வதை மருத்துவமனை ஏடுகள் சான்றாக ஏற்பதுமில்லை. ஒரு பிள்ளை பாடத்திற் பின்தங்குவது அறிவுக் குறைவாலா, காது மந்தத்தாலா, வீட்டில் நிகழும் துயரத்தாலா? ஒரு முதியவர் மறப்பது மூப்பாலா, மூளை நோயாலா? வாய் திறவாதிருக்கும் பெண் துயரில் ஆழ்ந்திருக்கின்றாளா, அறிவு பேதலித்திருக்கின்றாளா? இவ்வினாக்களுக்கு வினாத்தாளும் படமும் மரக்கட்டையும் மணிப்பொறியும் கொண்டு விடை தேடும் கலை ஒன்று உண்டு. அதனை உளவியல் மதிப்பீடு என்பர். மருந்து எழுதுபவர் உளமருத்துவர். இம்மதிப்பீட்டைச் செய்பவர் சிகிச்சை உளவியலாளர். இருவரையும் ஒருவராகக் கருதி மயங்குவோர் நம்முள் மிகப் பலர்.

அக்கலையின் நுட்பங்களை விரித்துரைத்தல் எம் நோக்கமன்று; அதற்கு உரியார் உளர். பட்டம் பெற்றபின் அதனைக் கற்கப் புகும் மாணவர்க்குத் தரப்படும் பயிற்சியில், தமிழாசிரியர்க்கும் சொல்லுரிமை உள்ள ஒரு பகுதி இருக்கின்றது. அதனையே ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

இக்கலை ஒரு பள்ளிக்கூடச் சிக்கலிற் பிறந்தது என்பதை ஆசிரியர்கள் நினைவிற் கொள்ளல் தகும். பாரிஸ் நகரத்துப் பள்ளிகளிற் சிறப்புக் கற்பித்தல் வேண்டும் பிள்ளைகளைக் கண்டறிய ஒரு வழி வேண்டும் என்று பிரெஞ்சு அரசு 1904ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்தது. அதன் பயனாக 1905இல் அல்பிரட் பினே, தியோடோர் சிமோன் என்னும் இருவரும் தம் முதலளவையை வெளியிட்டனர். பிள்ளையின் அறிவு மாறாத ஓர் எண் என்று பினே ஒருபோதும் கருதினாரல்லர். அது பயிற்சியால் வளரும் என்றே எழுதினார். அவர் 1911இல் மறைந்தபின், கடலுக்கப்பால் அமெரிக்காவிலேதான் அவ்வெண் பிள்ளையின் தலையெழுத்தாக மாறிற்று. பின்னர் 1921இல் சுவிற்சர்லாந்து மருத்துவர் ஹேர்மன் ரோர்ஷாக் மைக்கறைப் படங்கள் பத்தினை வெளியிட்டார். மறு ஆண்டே உலகை நீத்தார். 1939இல் டேவிட் வெக்ஸ்லர் வளர்ந்தோர்க்கான நுண்மதிச் சோதனையை ஆக்கினார். ஆளுமையை ஆராய ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கூற்றுகள் கொண்ட மினசோட்டா வினாத்தொகுதி 1943இல் வந்தது.

அயலகமாகிய இந்தியாவில் வி. வி. காமத் என்பார் பினேயின் அளவையை மராத்தியிலும் கன்னடத்திலும் வழங்கத்தக்கதாகத் திருத்தி, 1940இல் நூலாக்கினார். சந்திர மோகன் பாட்டியா, எழுத்தறியாச் சிறுவர்க்கும் பயன்படுமாறு கட்டைகளாலும் படங்களாலும் அமைந்த ஐந்து செயற்சோதனைகளைத் தொகுத்து 1955இல் வெளியிட்டார். பெங்களூரில் 1954ஆம் ஆண்டு அகில இந்திய மனநல நிறுவகம் திறக்கப்பெற்று, அடுத்த ஆண்டே மருத்துவ உளவியலிற் பட்டயப் பயிற்சி தொடங்கிற்று. இன்று நிமான்ஸ் என வழங்குவது, 1974இல் அந்நிறுவகமும் அங்கிருந்த மனநோய் மருத்துவமனையும் ஒன்றிய வடிவமே. நம் நாட்டிற் கொழும்புப் பல்கலைக்கழகம் சிகிச்சை உளவியலில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பயிற்சி அளிக்கின்றது.

அப்பயிற்சியில் மாணவர் செய்வது யாது? நூல் படித்துத் தேர்வெழுதுதல் அதிற் சிறுபகுதியே. நோயாளியின் வரலாற்றைக் கேட்டெழுதப் பழகுதல், சோதனைகளைக் கைந்நூல் விதித்தபடி நடத்தப் பழகுதல், விடைகளுக்குப் புள்ளியிடுதல், எண்களை ஒப்புநோக்கிப் பொருள் காணுதல், அறிக்கை எழுதுதல், அவ்வறிக்கையை மேற்பார்வையாளர் முன் வைத்து வரிக்கு வரி விடையிறுத்தல் என்று அது நீளும். இவற்றுள் முதலில் அவர்கள் நெஞ்சிற் பதிக்கப்படுவது ஒரு கட்டளை: வினாவைக் கைந்நூலில் உள்ள சொற்களாலேயே கேட்டல் வேண்டும். ஒரு சொல்லைக் கூட்டினும் குறைத்தினும், குரலை உயர்த்திக் குறிப்புக் காட்டினும், 'கெட்டிக்காரன்' என்று இடையிற் பாராட்டினும் அளவை பிழைபடும். கடைக்காரன் படிக்கல்லின் அடியில் விரலை வைத்தாற்போன்றது அது.

இன்னொரு கட்டளையும் உண்டு. சோதனை வினாக்களை வெளியார்க்குக் காட்டலாகாது. முன்பே கேட்டவர்க்கு அவை சோதனை ஆகா. ஆதலின் இக்கட்டுரையில் வரும் வினாக்கள் யாம் எடுத்துக்காட்டுக்காக அமைத்தவை. எந்தக் கைந்நூலிலிருந்தும் எடுத்தவையல்ல.

முதற் கட்டளைக்கு வருவோம். கைந்நூலின் சொற்களாலேயே கேட்டல் வேண்டுமெனின், அச்சொற்கள் எம்மொழியின? பெரும்பாலான கைந்நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. கேட்கப்படுபவர் தமிழர். இடையில் யாரோ மொழிபெயர்க்கின்றனர். கட்டளை அங்கேயே உடைந்துபோகின்றது.

உடைந்தால் நேரும் கேட்டை உலகம் முன்பே கண்டிருக்கின்றது. ஹென்றி கொடார்ட் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1913ஆம் ஆண்டளவில், கப்பலில் வந்து நியூயோர்க்கின் எல்லிஸ் தீவில் இறங்கிய ஏழைக் குடியேறிகளை மொழிபெயர்ப்பாளர் துணையுடன் சோதிப்பித்தார். சோதிக்கப்பட்ட இத்தாலியர், யூதர், ஹங்கேரியர், இரசியர் ஆகியோருள் ஏறக்குறைய ஐவரில் நால்வர் அறிவுக்குறை உடையோர் என்று 1917இல் அவர் வெளியிட்ட முடிவு கூறிற்று. நீண்ட கடற்பயணத்தாற் களைத்து, அந்நிய மண்ணில் அஞ்சி நின்ற உழைப்பாளிகள் அவர்கள். அவருட் பலர் பென்சிலைக் கையிற் பிடித்தறியாதவர். 1970இல் கலிபோர்னியாவிற் டயானா வழக்கு என்று பெயர் பெற்ற ஒரு வழக்கு எழுந்தது. வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளை ஆங்கிலத்திற் சோதித்து அறிவுக்குறை வகுப்பில் அமர்த்தியிருந்தனர். அவர்களை ஸ்பானிய மொழியில் மீளச் சோதித்தபோது எண் உயர்ந்தது. பிள்ளையை அதன் தாய்மொழியிற் சோதித்தல் வேண்டும் என்ற உடன்பாட்டுடன் அவ்வழக்கு முடிந்தது.

'நல்ல தமிழில் மொழிபெயர்த்துவிட்டால் முடிந்ததன்றோ?' என்று சிலர் கேட்பர். யாமும் ஒரு காலத்துக் கேள்விப்பட்ட வாதமே அது. அவ்வாறு முடியவில்லை என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் நேரே கண்டோம். எம்மிடம் உயர்தர வகுப்பிற் தமிழ் கற்ற மாணவி ஒருத்தி, பின்னர் உளவியலிற் பட்டம் பெற்று மேற்பயிற்சியிற் சேர்ந்திருந்தாள். வெள்ளவத்தையில் எம் வீட்டுக்கு ஒரு கட்டுத் தாள்களுடன் வந்தாள்.

"சேர், இந்தத் தமிழைக் கொஞ்சம் பார்த்துத் தாருங்கோ. பிழை இருக்கோ எண்டு எனக்குத் தெரியேல்லை. ஆனால் கேட்கிற ஆக்களுக்கு விளங்குதில்லை," என்றாள்.

பார்த்தோம். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. சந்தியும் செவ்வனே இருந்தது. 'யோசிப்பதில் தங்களுக்கு இடர்ப்பாடு உண்டா?' என்பது போன்ற ஒரு வினா இருந்தது. மனத்தை ஒருமுகப்படுத்திச் சிந்திக்க இயலாமை என்பது மூலத்தின் கருத்து.

"இதற்கு என்ன பதில் சொல்லுகினம், பிள்ளை?" என்று கேட்டோம்.

"'ஓம், சரியான யோசனை, இரவிலை நித்திரையும் இல்லை' எண்டு சொல்லுகினம், சேர்."

யாழ்ப்பாணத்தார் வழக்கில் யோசித்தல் என்பது சிந்தித்தல் மட்டுமன்று, கவலைப்படுதலுமாம். 'அம்மா யோசிச்சுக்கொண்டிருக்கிறா' என்றால் தாய் மகனை நினைந்து கலங்குகின்றாள் என்பதே பொருள். வினாவோ சிந்தனைத் திறனைக் கேட்டது. விடையோ கவலையைச் சொல்லிற்று. புள்ளியிடுபவர் சிந்தனைத் திறன் குன்றியதாகக் குறித்துக்கொண்டார். மூவரும் தமிழரே.

அத்தாளில் எதிர்மறை வினாக்கள் இன்னொரு பொறியாய் இருந்தன. 'உங்களுக்கு நித்திரை வருவதில்லையா?' என்று கேட்டால் நம்மவர் 'ஓம்' என்பர். வருவதில்லை என்ற கூற்றை உடன்படுதல் அது. ஆங்கிலத்தில் அதே இடத்தில் மறுப்புச் சொல்லே வரும். வேறொருவர் அதே 'ஓம்' என்பதை 'வருகிறது' என்னும் கருத்தில் நீட்டிச் சொல்லுவர். குரலைக் கேட்டால் வேறுபாடு தெரியும். பெட்டிக்குட் புள்ளடி இட்டால் தெரியாது. வினாவை உடன்பாட்டில் அமைப்பதே வழி என்றோம். அதற்கு மேற்பார்வையாளரின் ஒப்புதல் வேண்டும் என்றாள்.

மொழிபெயர்ப்பின் செம்மையைச் சோதிக்க இத்துறையார் கையாளும் முறை மீள்மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியதை, மூலத்தைப் பாராத வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலமும் ஒத்தால் தமிழ் சரியென்பர். 1970இல் ரிச்சார்ட் பிறிஸ்லின் என்பவர் எழுதிய கட்டுரைக்குப்பின் இது உலகெங்கும் பரவிற்று. பயனுள்ள முறையே. ஆயினும் அதன் ஓட்டையைத் தமிழாசிரியர் உடனே காண்பர். வயிற்றுக்குள் வண்ணத்துப்பூச்சி பறக்கின்றதென்று ஆங்கிலர் சொன்னால் அது பதற்றத்தைக் குறிக்கும். அதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், திரும்ப ஆங்கிலமாக்குபவர் அட்சரம் பிசகாமல் அதே வண்ணத்துப்பூச்சிக்கு வந்து சேர்வார். மொழிபெயர்ப்பு எவ்வளவுக்குக் கெட்டதோ அவ்வளவுக்கு இச்சோதனையில் நன்றாகத் தேறும். 'நெஞ்சு பதறுது' என்று நல்ல தமிழில் எழுதியவரே தோற்பார்.

இதன் மறுபுறமும் உண்டு. 'எனக்கு விசராய்க் கிடக்கு' என்று ஒரு யாழ்ப்பாணத்து இளைஞன் சொன்னால், அவன் சலித்துப்போயிருக்கின்றான் என்பது பொருள். தமிழை அகராதி வழியே மட்டும் அறிந்தவர் அதனை 'தான் பைத்தியம் என்று நோயாளியே கூறுகின்றார்' என அறிக்கையில் எழுதிவிடுதல் கூடும். அறிக்கை கோவையிற் சேர்ந்துவிட்டாற் பின்னர் யார் அழிப்பது?

இலக்கண நூல் கற்றோர்க்கு இனிக்கும் செய்தி ஒன்றைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. எண்களை நொடிக்கு ஒன்றாகச் சொல்லி அவ்வாறே திருப்பிச் சொல்லச் செய்வது நினைவாற்றலைச் சோதிக்கும் பழைய முறை. ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்ணுப்பெயர்களில் 'செவன்' ஒன்று தவிர மற்றெல்லாம் ஒரே அசையின. வேல்ஸ் நாட்டு மொழியில் எண்ணுப்பெயர்களைச் சொல்ல நேரம் கூடுதலாக வேண்டும். ஆதலால் இருமொழியும் அறிந்த ஒருவரே வேல்ஸ் மொழியிற் குறைவான எண்களை நினைவிற் கொள்கின்றார் என்று எல்லிஸ், ஹென்னெலி என்னும் ஆய்வாளர் இருவர் 1980இற் காட்டினர். நினைவு குறைந்ததன்று, சொல் நீண்டது.

தமிழுக்கு இதனை மாத்திரை கொண்டு கணித்துப் பார்த்தோம். குற்றெழுத்து ஒன்று, நெட்டெழுத்து இரண்டு, ஒற்றும் குற்றியலுகரமும் அரை. ஐகாரக் குறுக்கத்தைக் கருதாது விட்டால், ஒன்று இரண்டு மாத்திரை, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்பன மும்மூன்று, ஆறு இரண்டரை, ஏழு முற்றியலுகரம் ஆதலின் மூன்று, எட்டு இரண்டு, ஒன்பது மூன்று. ஆக இருபத்து நாலரை. பேச்சில் 'ரெண்டு' என்றும் 'அஞ்சு' என்றும் சொன்னால் ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரை குறைந்து இருபத்திரண்டரை ஆகும். செந்தமிழில் எண் சொல்லும் சோதனையாளரிடம் நோயாளிக்கு நினைவு சற்றுக் குறைவாகவும், கொடுந்தமிழிற் சொல்பவரிடம் சற்றுக் கூடுதலாகவும் தோன்றுதல் கூடும். கைந்நூல் எதைச் சொல்லவேண்டும் என்று விதிக்கின்றதா என வினவினோம். 'எண்களை வாசிக்கவும்' என்று மட்டுமே இருந்தது.

எழுத்துப் பற்றியது இன்னும் சுவையானது. குறித்த ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் இயன்றவரை சொல்லுக என்பது மூளையின் முன்பகுதித் தொழிற்பாட்டை அறியும் சோதனை. ஆங்கிலத்தில் எஃப், ஏ, எஸ் என்னும் எழுத்துகளைக் கொடுப்பது பெருவழக்கு. தமிழில் எதைக் கொடுப்பது? 'ப' என்று கொடுத்தால் 'பாடு', 'பிள்ளை' என்பன கணக்கில் வருமா? ஆங்கிலப் பிள்ளைக்கு மெய் வேறு, உயிர் வேறு. நம் பிள்ளைக்கோ 'ப' ஓர் எழுத்து, 'பா' வேறோர் எழுத்து. வருக்கம் முழுவதையும் ஏற்றால் ஆங்கிலத்தோடு ஒப்பாகலாம். ஏற்காவிடின் நோயில்லாதவரும் நோயாளர் ஆவர். இதனை முன்கூட்டியே தீர்மானித்து எழுதிவைக்காத சோதனை, படிக்கல் இல்லாத தராசு.

மேலும் எல்லா எழுத்தும் மொழிக்கு முதலாகா என்பது தொல்காப்பியர் விதி. சகரம் அகரத்தோடு கூடி முதலாகாது என்றும் அவர் சொன்னதாகக் கொண்டு உரையாசிரியர் முதல் இக்காலப் புலவர் வரை வழக்காடியிருக்கின்றனர். நன்னூலார் அதனை இடங்கொடுத்து முடித்தார். டகரமும் ரகரமும் லகரமும் முதலாகா என்பதில் இருவர்க்கும் ஐயமில்லை. ஆயினும் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறுவனிடம் லகரத்தைக் கொடுத்துப் பாருங்கள். லொறி, லாம்பு, லேஞ்சி என்று அடுக்குவான். 'அவை தமிழல்ல' என்று புள்ளியைக் குறைத்தால் நாம் அளந்தது அவன் மூளையையன்று, நம் புலமையை.

பழமொழிக்குப் பொருள் கேட்டலும் ஒரு பழைய சோதனை. யானைக்கும் அடி சறுக்கும் என்றால் என்ன என்று கேட்டால், யானையின் காலைப் பற்றியே பேசுபவர் பொதுக்கருத்தை எட்டும் ஆற்றல் குன்றியவர் என்பது துணிபு. நம் பள்ளிகளிற் பழமொழி விளக்கம் பரீட்சைக்காக மனப்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. அதனை ஒப்பிப்பவர் சிந்தித்தாரா, நினைவுகூர்ந்தாரா? பள்ளிக்கே போகாத மூதாட்டி யானையின் காலைப் பற்றிப் பேசினால், கேட்கப்பட்டதற்கு நேர்மையாக விடை சொன்னவர் அவரே ஆகலாம். வட இந்தியாவில் அரியானாவைச் சேர்ந்த பல்லப்கரில் எழுத்தறியா முதியோரின் நினைவாற்றலைச் சோதிக்கப் புகுந்த ஆய்வாளர், 1995இல் வெளியிட்ட தம் இந்திச் சோதனையில், 'கண்ணை மூடு' என்று எழுதிக் காட்டி வாசிக்கச் செய்யும் பகுதியை நீக்கிவிட்டனர். தாம் கண்ணை மூடிக் காட்டி, அவ்வாறே செய்க என்றனர். அறிவுடைய செயல்.

கொழும்பிலே தமிழ் ஒன்றல்ல என்பதையும் பயிற்சி பெறுவோர் உணர்தல் வேண்டும். வெள்ளவத்தையிற் பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்து குடியேறியோர் பேச்சு. கொட்டாஞ்சேனையில் மலையகத்து வழியினர், தென்னிந்திய வணிகர் வழியினர், கொழும்பிலேயே பல தலைமுறையாக வாழ்வோர் என்று பலர் பேச்சு. அருகில் முஸ்லிம் மக்களின் பேச்சு. ஒருவர்க்கு நித்திரை, ஒருவர்க்குத் தூக்கம். சென்னையில் ஆக்கப்பட்ட படப்பெயர்ச் சோதனை நாற்காலியை எதிர்பார்க்கும். இங்குள்ள பிள்ளை கதிரை என்னும். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல்லைச் சொன்னதற்காகப் பிள்ளைக்குப் புள்ளி குறைப்பது முறையா? ஆரஞ்சு தோடம்பழம், பூண்டு உள்ளி, பப்பாளி பப்பாசி. தமிழ்நாட்டுத் தமிழாக்கம் கிடைக்கின்றது என்று மகிழ்ந்து அதனை அப்படியே கொண்டுவருதல் இதனாலேதான் ஆகாது.

கொட்டாஞ்சேனைச் சிறுவன் ஒருவனை யாம் அறிவோம். பத்து வயது. எழுத்துக் கூட்டி வாசிக்க இயலாமையால் ஓரிடத்திற் சோதிக்கப்பட்டான். சோதித்தவர்க்குத் தமிழ் தெரியாது. அங்கு வேலை செய்த ஒருவர் இடைநின்று மொழிபெயர்த்தார். நுண்மதி ஈவு எழுபதுக்குக் கீழே என்று தாளில் வந்தது. இவ்வெண்ணின் பொருளை ஆசிரியர்கள் அறிவர். ஆயினும் பெற்றோர்க்காகச் சொல்கின்றோம். இச்சோதனைகளிற் சராசரி 100 ஆகவும் நியம விலகல் 15 ஆகவும் இருக்குமாறு அளவை அமைக்கப்படுகின்றது. மூவருள் இருவர்க்குமேல் 85க்கும் 115க்கும் இடையில் அமைவர். எழுபதுக்குக் கீழே வருவோர் நூற்றுக்கு இருவர் அளவினரே. அவ்விருவருள் ஒருவன் தங்கள் மகன் என்று கேட்ட தாய்க்கு அன்றிரவு உலை வைக்கத் தோன்றவில்லை.

அச்சிறுவன் மாலையில் தந்தையின் கடையில் நின்று, தேங்காயும் பருப்பும் நிறுத்துக் கொடுத்து, ஆயிரம் ரூபாய்த் தாளுக்கு மீதி பிழையாமற் கொடுப்பவன். அயலாரோடு சிங்களமும் பேசுபவன். அன்றாட வாழ்வில் ஒருவர் எவ்வாறு இயங்குகின்றார் என்பதை ஆராயாமல் எண்ணொன்றைக் கொண்டு அறிவுக்குறை என்று துணிதல் இன்றைய மருத்துவ விதிகளின்படியே தவறு. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு நோய்வகைநூலும் இதனைத் தெளிவாக வற்புறுத்துகின்றது. மேற்சொன்ன மாணவியின் மேற்பார்வையாளர் அவனை மீளப் பார்க்க இசைந்தார். முன்னைய சோதனையையே விரைவில் மீண்டும் வைத்தாற் பழக்கத்தால் எண் உயரும் ஆதலின், சொல் மிகுதியும் வேண்டாத வேறு சோதனைகளைத் தேர்ந்தனர். மாணவி அவன் பேச்சிலேயே அவனோடு பேசினாள். முதல் நாள் சோதனை எதுவும் வைக்கவில்லை. கடைக் கணக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர். முடிவில் அவன் பெற்ற எண் சராசரிக்குச் சற்றுக் கீழே இருந்தது. வாசிப்பிலே மட்டும் ஆழ்ந்த இடர்ப்பாடு இருந்தது. அதற்கு மருந்து சிறப்பு வகுப்பன்று. வாசிப்பை வேறு முறையிற் கற்பித்தல். இன்றும் அவன் தட்டுத் தடுமாறியே வாசிக்கின்றான். ஆனாற் தன் வகுப்பிலேயே இருக்கின்றான்.

பிள்ளைகள் செய்தி இவ்வாறாக, வளர்ந்தோர் துயரம் வேறொரு தமிழைக் கேட்கின்றது. தொல்காப்பியர் உள்ளத்து உணர்வை மெய்ப்பாடு என்றார். அகத்தே நிகழ்வது உடம்பிலே தோன்றுதல் என்பது அச்சொல்லின் கருத்து. அழுகைக்கு நிலைக்களன் நான்கு கூறியவிடத்து இழப்பையும் வறுமையையும் சேர்த்தெண்ணினார். உடலும் உள்ளமும் இருவேறு அறைகள் அல்ல என்னும் அத்தெளிவு நம் மக்கள் பேச்சில் இன்றும் உண்டு. மனம் சோர்வுற்ற ஒருவர் மருத்துவரிடம் சென்று 'நான் சோகமாய் இருக்கின்றேன்' என்பதில்லை. 'நெஞ்சுக்குள்ளை அடைக்குது', 'தலை பாரம்', 'பெருமூச்சு வருகுது' என்பார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியராய் இருந்த தயா சோமசுந்தரம், போரால் நொந்த மக்களின் உளநோயைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் நூலெழுதியவர். தமிழில் 'மனவடு' என்னும் நூலையும் தந்தவர். பெருமூச்சு முதலிய உடற்குறிகள் துயரத்தின் மொழியாதலை அவர் எழுத்துகள் எடுத்துக்காட்டுகின்றன. அப்பேச்சுக்கு இடங்கொடாத வினாத்தாளில் அத்துயரம் அகப்படாது. நோயாளி இதய மருத்துவரிடமும் வயிற்று மருத்துவரிடமும் அலைந்து கைப்பொருள் இழப்பார்.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் கிழக்குக் கரைக்கும் தெற்குக் கரைக்கும் வெளிநாட்டார் பலர் வினாத்தாள்களுடன் வந்தனர். அவர் நோக்கம் நல்லதே, கருவிதான் அயலது. உளவியலாளர் கைத்திரி பெர்னாண்டோ, இந்நாட்டு மக்கள் தம் துன்பத்தைத் தாமே எவ்வாறு சொல்கின்றனர் என்று முதலிற் கேட்டு, அக்கதைகளிலிருந்து ஓர் அளவையை அமைத்து 2008இல் வெளியிட்டார். வினாவை அயல்நாட்டிலிருந்து இறக்காமல், விடையிலிருந்து வினாவுக்குச் சென்ற முறை அது. பயிற்சி மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் இவ்வாறு செய்து பழகுதல் நன்று என்பது எம் கருத்து.

இங்கே எம்மனைய பண்டிதர்க்கும் ஒன்று சொல்லவேண்டியிருக்கின்றது. கலைச்சொல் ஆக்குவதில் நமக்கு ஆர்வம் மிகுதி. இலங்கையார் நுண்மதி என்பதும் தமிழ்நாட்டார் நுண்ணறிவு என்பதும், விவேகம் என்று நம் ஆசிரியர்கள் முன்பு வழங்கியதும் ஒரு பொருளே. எது சிறந்தது என்று ஒரு மாநாடு கூட்டலாம். நூலுக்கும் விரிவுரைக்கும் அது வேண்டும். நோயாளி முன் வைக்கும் வினாவுக்கு வேண்டா. அங்கே எமது செந்தமிழ் ஒதுங்கி நிற்றல் வேண்டும். மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவரைப் பயிற்றி, 1864ஆம் ஆண்டளவில் அப்பயிற்சியைத் தமிழிலேயே நடத்தத் தொடங்கினார்; அங்காதிபாதம், சுகரணவாதம் என்று நூற்பெயர்களும் அமைந்தன. உடலை அறுத்துப் பார்க்கும் கல்விக்கே தமிழ் போதும் என்று ஓர் அமெரிக்கர் அன்று துணிந்தார். சுகரணவாதம் என்ற சொல்லை நோயாளியிடம் அவர் சொல்லியிருக்கமாட்டார், 'எங்கே நோகுது?' என்றுதான் கேட்டிருப்பார்.

எனவே பயிற்சித் திட்டத்திற் சேர்க்கத்தக்கவை எனத் தோன்றுபவற்றைக் கூறுவாம். தமிழ் பேசும் நோயாளரைப் பார்க்கவிருக்கும் மாணவர், அவர் தமிழராயினும் சிங்களவராயினும், வட்டார வழக்குகளைக் காதாற் கேட்டுப் பழக ஒரு பருவமேனும் ஒதுக்கப்படல் வேண்டும். இடைநின்று மொழிபெயர்ப்போர் விடையைச் சுருக்காமலும் திருத்தாமலும் சொல்லப் பயிற்றப்படல் வேண்டும். கொட்டாஞ்சேனை போன்ற நெருங்கிய குடியிருப்பில் மொழிபெயர்ப்பவர் நோயாளியின் அயல்வீட்டாராய் இருந்துவிட்டால் எவர் வாய் திறப்பர்? யாவற்றினும் முதன்மையானது நியமம். ஒரு பிள்ளையின் எண், அவனை ஒத்த பிள்ளைகள் பலரின் எண்களோடு ஒப்பிட்டால் அன்றிப் பொருள்படாது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தோட்டங்களிலும் கொழும்பு நகரத்திலும் உள்ள தமிழ்ப் பிள்ளைகளை வயதுவாரியாகச் சோதித்து நியமங்களைத் திரட்டும் பெருவேலைக்கு ஆசிரியர்களைப்போலத் துணையாகக்கூடியவர் வேறிலர். பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலேயே இருக்கின்றனர். பட்டப்பின் மாணவர் எழுதும் ஆய்வேடுகள் பலவற்றை இதன் கூறுகளாக வகுத்துக்கொண்டாற் சில ஆண்டுகளில் ஒரு பகுதியேனும் கைகூடும்.

அம்மாணவி தன்னளவிற் தொடங்கிவிட்டாள். எந்த எண்ணுப்பெயரைக் கைந்நூலில் எழுதுவது என்று தீர்மானிக்க, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முதியோரிடம் சென்று ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணச் சொல்லிப் பதிவுசெய்து வருகின்றாள். ஏறத்தாழ எல்லாரும் 'நாலு' என்கின்றனராம். இதுவரை 'நான்கு' என்றவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மட்டுமே.